'ரன்': கால்களைத் தாண்டிய வினைச்சொல்

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள்களைச் சுமக்கும் வினைச்சொல் 'ரன்'. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. அந்தப் பகுதியைத் திருத்தி எழுத, அகராதியாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அதே அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது.

கால்களால் விரைவது இச்சொல்லின் ஒரு பொருள் மட்டுமே. நீர் பாய்வதும் பழைய ஆங்கிலத்திலேயே இதற்குள் அடங்கியிருந்தது. இதன் உறவுச் சொல்லான ஜெர்மானிய 'ரின்னன்' இன்றும் ஒழுகுவதைத்தான் குறிக்கிறது. சளி பிடித்து மூக்கு ஒழுகினாலும், துவைத்த துணியில் சாயம் இறங்கினாலும் ஆங்கிலேயர் 'ரன்' என்று சொல்வது அந்தப் பழைய பொருளின் தொடர்ச்சி. இடைவிடாமல் தொடரும் எதற்கும் பிறகு அது பரவியது: சாலை ஊரை ஒட்டிச் செல்கிறது, ஒரு நோய் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது, நாடகம் பல ஆண்டுகள் ஓடுகிறது. 1952இல் லண்டனில் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் 'தி மௌஸ்ட்ராப்' நாடகத்துக்கும் இந்தச் சொல்தான்.

இயந்திரங்கள் பெருகிய பின்பு சொல்லின் எல்லை வேகமாக விரிந்தது. ரயில், ஆலை எந்திரம், கடைசியில் கணினி நிரல் என எல்லாமே 'ரன்' ஆயின. தமிழில் தானே இயங்குவது 'ஓடு', இயக்குவது 'ஓட்டு' என்று வடிவம் மாறும். ஆங்கிலத்தில் மாறாது; பின்னால் செயப்படுபொருள் வந்தால் போதும். கடையை நடத்துவதும் நிறுவனத்தை நிர்வகிப்பதும் அப்படி வந்தவை. ஆகவே 645 பொருள்களையும் மனப்பாடம் செய்வது வீண். எது ஓடுகிறது, எதை ஓட்டுகிறார்கள் என்று பார்த்தாலே பெரும்பாலும் பொருள் பிடிபடும்.

தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்கர் 'ரன்' என்பர். பிரிட்டனில் வேட்பாளர் 'ஸ்டாண்ட்' செய்கிறார்; அதாவது, நிற்கிறார்.

உண்மையான சிக்கல் ஒட்டுச் சொற்களோடு சேரும்போதுதான். 'ரன் அவுட்' கிரிக்கெட் ரசிகருக்கு ஆட்டமிழப்பு. அதோடு 'ஆஃப்' சேர்ந்தால் சர்க்கரையோ பணமோ பொறுமையோ தீர்ந்துபோவது. 'ரன் இன்டு' எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, மோதுவதும் அதுவே. 'ரன் டவுன்' வண்டி ஆளை அடித்து வீழ்த்துவது, ஒருவரை மட்டம்தட்டிப் பேசுவது, பேட்டரி தீர்வது என மூன்றுக்கும் ஆகும். இவற்றை முழு வாக்கியமாகவே கேட்டுப் பழக வேண்டும்.

இறந்தகால வடிவம் 'ரேன்'. ஆனால் 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' ஆகியவற்றுக்குப் பின்னால் மறுபடியும் 'ரன்' என்றே வரும்.