பெட்டியில் இருந்த பாதி விளையாட்டு

டாஸ் கணினிகளின் காலத்தில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ ஆடியவர்களுக்கு ஓர் அறை நினைவிருக்கும். முதல் கட்டம் முடிந்ததும் வரிசையாகக் குப்பிகள் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆங்கில எழுத்து. கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று திரை சொல்லும். மாற்றிக் குடித்தால் நாயகனுக்குக் கேடு. நம் ஊரில் பெரும்பாலோர் அந்த விளையாட்டை யாரோ நகலெடுத்துக் கொடுத்த பிளாப்பியில்தான் ஆடினோம். கையேடு எங்கே என்று கேட்கவே தோன்றவில்லை.

அந்தக் கையேடு பெட்டியில் இருந்தது. ஜோர்டான் மெக்னர் உருவாக்க, 1989-இல் புரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட அந்த விளையாட்டு, அமெரிக்கக் கடைகளில் அட்டைப்பெட்டியில் விற்றது. அப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அதே விளையாட்டுகளில் பல, இணையத்தில் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. பிறகு ஏன் ஒரு பழைய அட்டைப்பெட்டிக்கு இவ்வளவு மதிப்பு?

காரணம் எளியது. 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் பல விளையாட்டுகளின் ஒரு பகுதி வட்டில் இருந்தது. இன்னொரு பகுதி பெட்டியில் இருந்தது. வட்டு மட்டும் கையில் இருந்தால் அது குறைப்பிரதி.

பாலிதீன் பையில் தொடங்கிய வியாபாரம்

முதலில் பெட்டியே கிடையாது. டெக்சாஸைச் சேர்ந்த ரிச்சர்ட் கேரியட், பள்ளி மாணவராக இருந்தபோது எழுதிய ‘அகலபெத்’ விளையாட்டை, தான் வேலை பார்த்த கணினிக் கடையிலேயே ஜிப் வைத்த பாலிதீன் பையில் போட்டு விற்றார். அட்டைப்படம் வரைந்தவர் அவருடைய அம்மா. 1980-இல் கென் வில்லியம்ஸ், ராபர்ட்டா வில்லியம்ஸ் தம்பதி வெளியிட்ட ‘மிஸ்டரி ஹவுஸ்’ விளையாட்டும் இப்படிப் பையில் வந்ததுதான். பின்னாளில் சியரா ஆன்லைன் என்று பெயர்பெற்ற நிறுவனத்தின் தொடக்கம் அது. வட்டை எடுத்துக்கொண்டு பையைக் குப்பையில் போட்டவர்களே அதிகம். அதனால்தான் பையும் தாளும் குலையாமல் தப்பிய சில பிரதிகளுக்கு இன்று பெருவிலை.

வட்டில் இடம் போதாதபோது

பெட்டிக்கு வேறு பொருள் கொடுத்தது, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த இன்ஃபோகாம் நிறுவனம். படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் கதை நடத்தும் விளையாட்டுகள் அவர்களுடையவை. 1982-இல் மார்க் பிளாங்க் எழுதிய ‘டெட்லைன்’ ஒரு கொலை வழக்கு. ஆடுபவர்தான் துப்பறிவாளர். ஆனால் வழக்கின் விவரம் முழுவதையும் அடக்க அன்றைய பிளாப்பியில் இடமில்லை. மிஞ்சியதைத் தாளில் அச்சிட்டுப் பெட்டியில் வைத்தார்கள். சந்தேகப்படுவோரிடம் எடுத்த வாக்குமூலங்கள், ஆய்வக அறிக்கை, பிணம் கிடந்த அறையின் புகைப்படம், அருகே கிடந்ததாகச் சொல்லப்படும் மாத்திரைகள் எல்லாம் அதில் இருந்தன. போலீஸ் கோப்பைப் பிரித்துப் படிப்பதிலேயே ஆட்டம் தொடங்கிவிடும்.

இடமில்லாமல் செய்த ஏற்பாடு விற்பனை உத்தியாகவே ஆகிவிட்டது. இப்படிக் கூட வரும் பொருள்களுக்கு ‘ஃபீலிஸ்’ என்று பெயர் வந்தது. 1984-இல் டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரட்ஸ்கியும் சேர்ந்து உருவாக்கிய ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’யின் பெட்டியில் கேலியே பொருளாக வந்தது. ஆபத்து வந்தால் கறுத்துவிடும் கண்ணாடி என்ற பெயரில், எதுவுமே தெரியாத கறுப்பு அட்டைக் கண்ணாடி ஒன்று. கண்ணுக்குத் தெரியாத விண்கலப் படை என்று சொல்லி ஒரு காலிப் பிளாஸ்டிக் பை. சட்டைப்பையில் சேரும் பஞ்சுத் துணுக்கு. வீட்டை இடிப்பதற்கான அரசாணை, பூமியை இடிப்பதற்கு இன்னோர் ஆணை. இன்று இந்தப் பெட்டியை வாங்குபவர் முதலில் கேட்பது அந்தக் காலிப் பை இருக்கிறதா என்பதைத்தான்.

கேரியட் வேறு வழியில் போனார். 1982-இல் வந்த தன் ‘அல்டிமா 2’ விளையாட்டில் துணியில் அச்சிட்ட வரைபடம் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அதற்கு ஒப்புக்கொண்ட சியராவுக்கே விளையாட்டைக் கொடுத்தார். 1985-இல் வந்த ‘அல்டிமா 4’-இல் துணி வரைபடம், உலோகத்தால் ஆன ஆங்க் என்ற எகிப்தியச் சின்னம், இரண்டு நூல்கள் ஆகியவை இருந்தன. வரைபடத்தில் ஊர்ப்பெயர்கள் ரூன் என்ற பழைய ஐரோப்பிய எழுத்தில் இருக்கும். கூட வரும் நூலை வைத்துத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும்.

சாவியும் பெட்டியில்தான்

பிளாப்பியை நகலெடுப்பது எளிது. தாளையும் அட்டையையும் நகலெடுப்பது அன்று அவ்வளவு எளிதில்லை. அதனால் திருட்டு நகலைத் தடுக்கும் பூட்டை வட்டிலும் சாவியைப் பெட்டியிலும் வைத்தார்கள். 1990-இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒன்றின்மேல் ஒன்று சுழலும் இரண்டு அட்டைச் சக்கரங்கள். ஒரு கடற்கொள்ளையன் முகத்தைத் திரை காட்டி, இவனை இந்த ஊரில் எந்த ஆண்டு தூக்கிலிட்டார்கள் என்று கேட்கும். நெற்றியையும் தாடையையும் பொருத்தி முகத்தை முழுமையாக்கினால் சக்கரத்தின் சாளரத்தில் ஆண்டு தெரியும். பூட்டே ஒரு குட்டி விளையாட்டாக இருந்தது.

எல்லாப் பூட்டும் இப்படி இனிக்கவில்லை. 1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் உருவாக்கிய ‘எலைட்’ முதலில் பிபிசி மைக்ரோ கணினிக்கு வந்தபோது, ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் எழுதிய குறுநாவல் ஒன்று பெட்டிக்குள் இருந்தது. பின்னர் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு வந்த பதிப்பிலோ லென்ஸ்லாக் என்ற பிளாஸ்டிக் லென்ஸைத் திரைமேல் பிடித்துச் சிதைந்த எழுத்தைப் படிக்க வேண்டியிருந்தது. சில பெட்டிகளில் வேறு விளையாட்டின் லென்ஸ் போய்ச் சேர்ந்தது. காசு கொடுத்து வாங்கியவராலேயே ஆட முடியவில்லை.

போலந்தில் சிடி புராஜெக்ட் என்ற நிறுவனம் பூட்டை நம்பாமல் பெட்டியை நம்பியது. திருட்டுக் குறுவட்டுகள் சந்தையில் கொட்டிக் கிடந்த நாட்டில், 1999-இல் ‘பால்டர்ஸ் கேட்’ விளையாட்டைப் போலிஷ் மொழியில் வெளியிட்டது. பெட்டிக்குள் பழந்தோல் போன்ற தாளில் வரைபடம், விதிநூல், இசைத்தட்டு. நகலெடுப்பவனால் தர முடியாததைச் சேர்த்துத் தந்ததும் மக்கள் விலை கொடுத்து வாங்கினார்கள்.

ஏன் மறைந்தது?

1990-களின் பெட்டிகள் தடித்த அகராதி அளவுக்கு இருந்தன. உள்ளே பாதிக்கு மேல் காற்று. கடை அலமாரியில் நாலு பெட்டிகள் நடுவில் கண்ணில் பட வேண்டுமே! திரையில் தெரிந்த படங்கள் கரடுமுரடாக இருந்த காலத்தில், அட்டைப்படம்தான் ஆட்டத்தைக் கற்பனை செய்ய வைத்தது. பெட்டியின் வடிவமும் மாறியது: 1996-இல் ‘டோம்ப் ரைடர்’ சாய்ந்த பக்கங்கள் கொண்ட பெட்டியில் வந்தது.

கடைக்காரர்களுக்கு இது இடப் பிரச்சினை. அதற்கு முன்பே இன்ஃபோகாமின் ‘ஸ்டார்கிராஸ்’ பறக்கும் தட்டு வடிவத்தில் வந்து எந்த அலமாரியிலும் உட்கார மறுத்தது. 1984-இல் அந்த நிறுவனமே எல்லாவற்றையும் ஒரே அளவுச் சாம்பல்நிறப் பெட்டிக்கு மாற்றியது. 2000-ஐ ஒட்டி அமெரிக்கக் கடைகளில் சிறிய பெட்டி வழக்கமானது. பிறகு டிவிடி உறை. 2003-இல் விளையாட்டுகளை இணையம் வழியே வழங்கும் ஸ்டீம் சேவை வந்தது. 2004-இல் ‘ஹாஃப்-லைஃப் 2’ வட்டை வாங்கியவர்களும் இணையத்தில் பதிந்தால்தான் ஆட முடியும் என்றானது. அதன்பின் பெட்டி இருந்தும் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சேகரிப்பாளர்கள் பிரதிகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். கண்ணாடித்தாள் உறை பிரியாதது ‘சீல்டு’. திறந்திருந்தாலும் உள்ளே வந்த எல்லாம் இருப்பது ‘கம்ப்ளீட்’. வட்டு மட்டும் இருப்பது ‘லூஸ்’. சொல்லில் சிறிய வேறுபாடு, விலையில் பெரிய வேறுபாடு.

‘கம்ப்ளீட்’ என்று விற்பவர் சொன்னாலும் பட்டியல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கையேடு, விசைப்பலகைக் குறிப்பட்டை, வரைபடம், பதிவு அஞ்சலட்டை, நிறுவனத்தின் விளம்பரத்தாள் வரை எண்ண வேண்டும். அடுத்தது, எந்தப் பதிப்பு என்பது. ஒரே விளையாட்டு ஆப்பிள் 2, கமோடர் 64, ஐபிஎம் பிசி எனத் தனித்தனியாக வந்திருக்கும், 5.25 அங்குல வட்டிலும் 3.5 அங்குல வட்டிலும் வந்திருக்கும்; சில ஆண்டுகள் கழித்துக் கையேட்டைச் சுருக்கி மலிவுப் பதிப்பாகவும் வந்திருக்கும். இன்ஃபோகாம் விளையாட்டுகளில் சாம்பல்நிறப் பெட்டிக்கு முந்தைய விசித்திர வடிவப் பெட்டிகளுக்கே விலை அதிகம்.

சீல் உடையாத பெட்டி மேல் என்பது பரவலான நம்பிக்கை. 2021-இல் சீல் பிரிக்காத ‘சூப்பர் மாரியோ 64’ ஒன்று ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. நிண்டெண்டோ கருவிக்கான விளையாட்டு அது. அந்தப் பரபரப்பு கணினி விளையாட்டுகளுக்கும் பரவியிருக்கிறது. ஆனால் கணினி விளையாட்டில் சீலுக்கு இரண்டு சிக்கல்கள் உண்டு. வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த பெட்டிக்குக் கடையிலேயே இயந்திரத்தில் மறுபடி உறை போடும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. ஆகவே உறை இருப்பது திறக்காததற்குச் சான்று ஆகாது. இரண்டாவது, வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்கவும் சக்கரத்தைச் சுழற்றவும் செய்த பொருளை உறைக்குள்ளேயே பூட்டி வைத்தால் அது எதற்கு? என் கருத்தில், ஒருவர் பொறுப்பாக வைத்திருந்த, எல்லாம் இருக்கிற திறந்த பெட்டியே நல்ல பெட்டி.

விலை ஏறினால் போலியும் வரும். ‘அகலபெத்’, ‘மிஸ்டரி ஹவுஸ்’ போன்ற அரிய விளையாட்டுகளின் போலிப் பிரதிகள் சேகரிப்பாளர்களிடையே புழங்கியது 2022-இல் அம்பலமானது. அவை மெனக்கெட்டுச் செய்த போலிகள். பழைய பிரதிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அச்சும் வெட்டிய விளிம்பும் ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. சில வட்டுகளில் விளையாட்டே இல்லை. கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்: உருப்பெருக்கியில் அச்சுப் புள்ளிகளைப் பாருங்கள், நிச்சயமான ஒரு பிரதியோடு ஒப்பிடுங்கள், வட்டைப் படித்துப் பாருங்கள். வட்டைப் படிக்க வேண்டாம், சீல் கெட்டுவிடும் என்று விற்பவர் சொன்னால் கூடுதல் கவனம் வேண்டும்.

வைத்துக் காப்பது

அட்டைக்கு முதல் எதிரி வெயில். சன்னல் ஓரம் வைத்த பெட்டியில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்துப்போகும். நீலம் மட்டும் மிஞ்சும். அடுத்தது ஈரம். கடலோர ஊர்களில் அட்டை உப்பும், கையேட்டின் பின்கள் துருப்பிடிக்கும், பிளாப்பியில் பூஞ்சை படியும், வெள்ளிப்பூச்சி தாளை அரிக்கும். மூடிய அலமாரி, சிலிக்கா ஜெல் பொட்டலம், நிமிர்த்தி வைத்த பெட்டிகள் இருந்தால் பெரும்பாலும் போதும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழ்ப்பெட்டி நசுங்கும். ரப்பர் பேண்ட் போடக் கூடாது. அது உருகி ஒட்டிக்கொள்ளும். விலைச் சீட்டை நகத்தால் கிள்ளினால் அட்டைப்படமும் சேர்ந்து வரும். பழைய கண்ணாடித்தாள் உறை ஆண்டுக்கணக்கில் இறுகிப் பெட்டியின் மூலைகளை வளைத்துவிடுவதும் உண்டு.

வட்டின் காந்தப்பூச்சு நிரந்தரமில்லை. கிரீஸ்வீசல், கிரையோஃப்ளக்ஸ் போன்ற கருவிகள் பிளாப்பியின் காந்தத் தடத்தை அப்படியே பதிவுசெய்து கோப்பாக்குகின்றன. கையேட்டையும் வரைபடத்தையும் ஸ்கேன் செய்து வைத்தால் பெட்டியை அடிக்கடி திறக்க வேண்டியதில்லை.

தனியார் அலமாரியிலிருந்து நூலகத்துக்கு

இதெல்லாம் பொழுதுபோக்குதானே என்று ஒதுக்க முடியாது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அவற்றைத் தேடும் ஆய்வாளருக்குத் தனியார் சேகரிப்புதான் கடைசிப் புகலிடம். ஸ்டீபன் கேப்ரினெட்டி என்ற இளைஞர் மென்பொருள்களைப் பெட்டியோடு சேர்த்து வந்தார். 1995-இல், 29 வயதில் இறந்தார். ஏறக்குறைய 15,000 பொருள்கள் கொண்ட அவருடைய சேகரிப்பு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் அதோடு கைகோத்து அந்த வட்டுகளைப் பிரதியெடுத்தது.

சேகரிக்கத் தொடங்குபவருக்கு ஒரே ஆலோசனை. அரிதானதைத் துரத்தாதீர்கள், நீங்கள் நகல் பிளாப்பியில் ஆடிய ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் பெட்டியில் என்னென்ன வந்தன என்று பட்டியல் எடுங்கள். எல்லாம் உள்ள திறந்த பிரதி ஒன்றை வாங்குங்கள். யாரும் இதுவரை ஸ்கேன் செய்யாத தாள் அதில் இருந்தால் ஸ்கேன் செய்து எல்லோருக்கும் கிடைக்கும்படி செய்யுங்கள். விலை நாளை இறங்கலாம். அந்தத் தாள் இருந்தால்தான் அந்த விளையாட்டை இன்னொருவர் முழுதாக ஆட முடியும்.