வளைகுடாவின் அடித்தரை தெரிந்தாக வேண்டும்

2013 நவம்பர் 8. பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரில் அன்று காலை கடல் முதலில் உள்வாங்கியது. ஹையான் புயலின் கண் நகருக்குத் தெற்கே கடந்துகொண்டிருக்க, வடக்கிலிருந்து வீசிய காற்று சான் பெட்ரோ வளைகுடாவின் நீரை வெளியே தள்ளியிருந்தது. பிறகு காற்று திசை மாறித் தென்கிழக்கிலிருந்து அடித்தது. போன நீர் திரும்பி, குறுகிக்கொண்டே போகும் வளைகுடாவின் கோடியில் இருந்த நகருக்குள் ஐந்தாறு மீட்டர் உயரத்துக்கு ஏறியது. அந்தப் புயலில் மாண்டவர்கள் 6,300-க்கும் மேல். பத்திரம் என்று நம்பி மக்கள் தஞ்சம் புகுந்த கட்டடங்களிலும் நீர் புகுந்தது. கணினிக் கணிப்பு ஒரு மீட்டர் பிசகினாலும் தப்பி ஓட வேண்டிய மாடி மாறிவிடுகிறது.

காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். ஹையானின் மைய அழுத்தம் 895 மில்லிபார் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் கணக்கில் ஏறுவது ஒன்றேகால் மீட்டருக்கும் குறைவு. மீதியெல்லாம் பெரும்பாலும் காற்றின் வேலை. ஆழ்கடலில், காற்று தள்ளிய நீர் அடிவழியாகத் திரும்பி ஓட இடம் உண்டு. ஆழமில்லாத வளைகுடாவில் அதற்கு வழியில்லை. ஆழம் பாதியானால் நீர்மட்டத்தின் சாய்வு ஏறக்குறைய இரு மடங்காகிறது.

அட்சர்க் போன்ற மென்பொருள்கள் கடலை முக்கோண வலையாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஆழ்கடலில் ஒரு முக்கோணம் பல கிலோமீட்டர் அகலம். கரையோரத்தில் சில பத்து மீட்டர். வலையை நெருக்கமாகப் பின்னிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் பழைய வரைபடத்தின் ஆழத்தை அதில் இட்டால், பழைய பிழையேதான் இன்னும் நுணுக்கமாகத் தெரியும்.

இன்னொரு குறையை ஹெர்னானி காட்டியது. சமார் தீவில், பவளப்பாறைக்குப் பின்னால், திறந்த கடலைப் பார்த்த ஊர் அது. அதே புயலில் சுனாமி போல ஒரு நீர்ச்சுவர் வந்து வீட்டை அடித்துப்போன காணொளி அங்கிருந்து வெளியானது. அலைகளைச் சராசரியாக மட்டும் பார்க்கும் மாதிரிகளில் அப்படி ஒன்று தென்படாது. ஒவ்வோர் அலையையும் தனித்தனியே தொடர்ந்து கணக்கிட்ட ஆய்வாளர்கள் ரோபரும் பிரிக்கரும், பாறைமேல் அலைக்கூட்டங்கள் உடைந்து எழுப்பிய பேரலை அது என்று 2015-இல் விளக்கினார்கள். இந்த முறைக்குக் கணினி நேரம் மிக அதிகம். அதனால் எல்லாக் கரைக்கும் அல்லாமல், பாறைத்திட்டு உள்ள இடங்களுக்காவது முன்கூட்டியே இதைச் செய்துவைக்க வேண்டும் என்பேன்.

நம் பக்கத்திலும், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. அதன் வடபுறத்துப் பாக் விரிகுடாவும் ஆழமில்லாததுதான்; மணல்திட்டுகள் இடம் மாறும் கடல். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமும் புயல் எழுச்சியை முன்கணிக்க அட்சர்க்கைத்தான் பயன்படுத்துகிறது. பாக் விரிகுடாவின் ஆழத்தைப் புயலுக்குப் புயல் மறுபடி அளந்து அதில் சேர்க்க வேண்டும். அளக்கப் போகிறவர்கள், எந்தத் திட்டில் எத்தனை பாகம் தண்ணீர் என்று இன்றும் சொல்லக்கூடிய மீனவர்களைப் படகில் கூட்டிக்கொண்டு போகட்டும்.