மறுபடி பத்திக்கிச்சு கேலக்ஸி!

ஞாயிற்றுக்கிழமை. ஹாஸ்டல் மெஸ்ஸில் பூரி. பாதி க்யூ நிற்கும்போதே சிலிண்டர் காலி! தட்டோடு அரை மணி நேரம் தேவுடு காத்த பிறகு புது சிலிண்டர் வரும், அடுப்பு மறுபடி பற்றும். இப்போ முதல் ரவுண்டு பூரியையும் ரெண்டாவது ரவுண்டு பூரியையும் ஒரே தட்டில் போட்டால் எது பழசுன்னு தொட்டாலே தெரிஞ்சிடும்ல?

அதே கூத்து வானத்திலும் நடக்குது. இடம்: 3சி 236. சுமார் 130 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் ரேடியோ கேலக்ஸி. அதன் நடுவில் ஒரு ராட்சசக் கருந்துளை. வாயு அதைச் சுற்றிச் சுழன்று விழ, எதிரெதிர் திசைகளில் இரண்டு தாரைகள் கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் பீய்ச்சி அடிக்கும். அவை போய்த் தேங்கும் இடங்களில் ரேடியோ அலை வீசும் இரண்டு பெரிய மடல்கள். (வாயு எரியுதுன்னு நினைச்சுடாதீங்க. விழுகிற வேகம்தான் ஆற்றலாக மாறுது.)

3சி 236-ன் மடல்கள் எவ்வளவு பெரிசு தெரியுமா? ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒன்றரைக் கோடி ஒளியாண்டு! நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கி மூலம் 1974-ல் இது தெரிந்தபோது விஞ்ஞானிகள் அசந்துட்டாங்க. ஆனால், நட்டநடுவில் இன்னொரு குட்டி ரேடியோ ஜோடி. சில ஆயிரம் ஒளியாண்டு நீளம்தான். பெரியவருக்கு வயது கோடிகளில், சின்னவருக்கு லட்சங்களில்.

ஆக, நடுவில் அடுப்பு அணைந்திருக்கிறது!

ஏன்? துப்பு கொடுத்தது ஹப்பிள். மையத்தைச் சுற்றி ஒரு தூசு வட்டு. அதற்கு வெளியே கோணலாக இன்னொரு தூசுப் பட்டை. ரெண்டுக்கும் நடுவே இடைவெளி. பக்கத்திலேயே ஒரு கோடி ஆண்டே ஆன இளம் நட்சத்திரங்கள். வாயு வரத்து நின்று, மறுபடி வந்திருக்கிறது. கொஞ்சம் நட்சத்திரமாச்சு, கொஞ்சம் கருந்துளை வாய்க்குப் போச்சு என்பது 2010-ல் வந்த ஆய்வின் கணிப்பு.

எனக்குப் பிடித்த ட்விஸ்ட் இனிமேதான். அதே மையத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு நொடிக்கு சுமார் 1,000 கி.மீ. வேகத்தில் வெளியே தள்ளப்படுகிறது. அதாவது, சமைக்கிற மாஸ்டரே சிலிண்டரை எட்டி உதைக்கிறார்! வாயு போனால் அடுத்த வேளைச் சாப்பாடும் போச்சு, புது நட்சத்திரமும் போச்சு. ஒரு கேலக்ஸி எவ்வளவு வளரலாம்னு முடிவு பண்றதில் இந்த உதைக்கும் பங்கு உண்டு.

சில கேலக்ஸிகள் இதிலும் கில்லாடி. பி0925+420-ல் 2007-ல் மூன்று ஜோடி மடல்களைக் கண்டார்கள். மூணு ரவுண்டு பூரி!

தாரை நின்றதும் பழைய மடலில் உயர் அதிர்வெண் அலைகள்தான் முதலில் மங்கும். தாழ் அதிர்வெண் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். அதைப் பிடிப்பதில் கெட்டி, புனே பக்கம் கோடாடில் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. தலா 45 மீட்டர் அகலத்தில் 30 டிஷ்கள். அதன் படங்களில் இப்படி அணைந்த அடுப்புகளைத் தேட, 2013-ல் தொடங்கிய 'ராட் அட் ஹோம்' திட்டம் கல்லூரி மாணவர்களுக்கே பயிற்சி கொடுத்துக் களமிறக்கியது. ஹோம்வொர்க் வானத்தில் இருந்தா யாருக்குக் கசக்கும் பாஸ்?