'க்விட்' என்னும் வினைச்சொல்

ஆங்கில வார்த்தைகளைக் கற்றவர் நம்மிடையே பலர்; அவற்றை எடைபோட்டுப் பார்ப்பவர் சிலரே. 'க்விட்' என்ற சிறு வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். 1942-ல் ஒரு சாம்ராஜ்யத்தை நோக்கி நாம் ஏவிய சொல் அது. இன்றோ மேடவாக்கத்தில் வேறு வேஷம் பூண்டு உலவுகிறது. அதன் அர்த்தங்களை ஆராய்வது வீண் காரியமாகாது.

அமைதி, ஓய்வு எனப் பொருள்படும் லத்தீன் சொல்லே இதன் மூலம். பிரெஞ்சு பாஷை வழியாக ஆங்கிலம் புகுந்தபோது, கடனினின்றும் கட்டினின்றும் நீங்குதலை இது குறித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவனை நியாயஸ்தலம் விடுவிப்பதைக் கூறும் 'அக்விட்' இதன் நெருங்கிய உறவு. சென்னை ராஜதானியில் இனாம் நிலங்களுக்கு விதித்த குறைந்த தீர்வைக்கு 'க்விட் ரெண்ட்' என்று பெயர். ஜனங்கள் அதை 'ஜோடி' என்றனர். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்திலோ, குத்தகைதாரனை இடத்தைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸில் இச்சொல் வருகிறது. சுருட்டை விடுதலும் க்விட். உத்தியோகத்தை விடுதலும் க்விட். நமது 'விடு' என்னும் வினை ஏறக்குறைய இவை யாவற்றையும் தாங்கும். விடுதலையும் அதில் பிறந்ததுதானே!

இத்தனை அர்த்தங்களில் 1942-ல் தேசம் கொண்டது எது? அவ்வருஷம் ஜூலை 14-ந் தேதி வார்தாவில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டி அதைத் தெளிவாக்கியது. விலக வேண்டியது பிரிட்டிஷ் ஆட்சி. ஆங்கிலேயர் அனைவரும் கப்பலேற வேண்டுமென்பதன்று. நேச நாட்டுச் சேனைகள் இங்கே தங்குவதற்கும் அக்கமிட்டி இசைந்தது. ஆகஸ்டு 8-ந் தேதி பம்பாய் கோவாலியா குளத்து மைதானத்தில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியின் தீர்மானம் நிறைவேறியது. 'வெள்ளையனே, வெளியேறு' என்ற தமிழ்க் கோஷம் மோனையால் நாவில் நின்றது. ஆயினும் ஆட்சியைச் சுட்டிய சொல்லை ஆளின்மேல் திருப்பிவிட்டது. நாம் பகைத்தது அடிமைத்தனத்தையே, தோலின் நிறத்தையன்று.

இனி மேடவாக்கம். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் கிராமமாக இருந்த ஊர், இன்று சோழிங்கநல்லூர்ப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் உழைப்போர் பலருக்கு வாசஸ்தலம். அவர்கள் பேச்சில் க்விட் என்றால் ராஜிநாமா. மேலான வேலை தேடித் தானே விலகுபவனுக்கு அச்சொல் பொருந்தும். அவன் கட்டு நீங்கியவன். ஆனால் இத்தொழிலில், ஆள் குறைக்கும் முதலாளி தொழிலாளியைத் தனியறைக்கு அழைத்து, 'நீயே விலகியதாக எழுதிக்கொடு' என்று கேட்பதும் உண்டு. அங்கே நடப்பது நீக்கம். காகிதத்தில் மட்டும் விலகல். இந்தப் பேதம் இலக்கண வித்வான்களின் வாதமன்று. ஆட்குறைப்பில் தொழிலாளிக்குச் சட்டம் தரும் நஷ்டஈடு, தானாக விலகினவனுக்கு இல்லை. ஒரு வினைச்சொல் பிறழ்ந்தால் ஒரு குடும்பத்தின் சோறு பிறழ்கிறது.

வினைக்குக் கர்த்தா யார் என்று கேட்பது இலக்கணத்தின் முதற் பாடம். அரசியலுக்கும் அதுவே முதற் பாடம். 1942-ல் ஆள்பவனைப் பார்த்து நாம் சொன்ன சொல்லை, இன்று முதலாளி உழைப்பவன் வாயிலிருந்தே வரவழைக்கிறான். கையெழுத்திடுமுன் அந்த வார்த்தையின் பொருளை வாசித்தறியுங்கள், நண்பர்களே! விட்டவன் யார், விடுவிக்கப்பட்டவன் யார், விரட்டப்பட்டவன் யார் என்பதைப் பிரித்தறியும் ஜனங்களை ஏமாற்றுவது எளிதன்று.