கோடா? விரிசலா?

நவராத்திரிக்காகப் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது, கொலு பொம்மைகளோடு வேறு சில ஆட்களும் இறங்குவது உண்டு. அப்பாவோ மாமாவோ சின்ன வயதில் விளையாடிய பிளாஸ்டிக் வீரர்கள்! கொலுப்படிக்குக் கீழே மணல் கொட்டி அமைக்கிற பூங்காவில் இவர்களுக்கும் காவல் வேலை கிடைத்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் ஜி.ஐ.ஜோ இருந்தால் கொஞ்சம் பத்திரம், குட்டீஸ்! 1964-ல் அமெரிக்காவில் ஓர் அடி உயரத்தில் பிறந்த பொம்மை இது. 1982-ல் சுமார் 9.5 செ.மீ. உயரத்துக்குக் குள்ளமாகிவிட்டது. தொண்ணூறுகளில் இந்தக் குட்டி வீரர்களை இந்தியாவில் தயாரித்து விற்றது பன்ஸ்கூல். சென்னையின் எம்.ஆர்.எப். டயர் நிறுவனம் 1987-ல் தொடங்கிய கம்பெனி அது. அமெரிக்க வீரர்களின் நிறம் வேறு, நம்மூர் வீரர்களின் நிறம் வேறு. அதனாலேயே வெளிநாட்டுக்காரர்கள் கூட இவற்றைத் தேடிச் சேகரிக்கிறார்கள். ஆனால், விரிசல் இருந்தால் மதிப்பு சரிந்துவிடும்.

சரி, வீரனின் காதிலிருந்து கழுத்துக்கு மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறதே, அது விரிசலா?

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் விற்கும் மண் பொம்மையைப் பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள். சிலவற்றில் வர்ணத்துக்கு அடியில் ஒரு கோடு தெரியும். முன்பக்கத்துக்கு ஓர் அச்சு, பின்பக்கத்துக்கு ஓர் அச்சு. இரண்டையும் சேர்த்த இடம் அது. பிளாஸ்டிக் பொம்மைக்கும் அச்சு இரண்டு பாதிதான், ஆனால் இரும்பில் செய்தது. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, மூடிய அச்சுக்குள் வேகமாகச் செலுத்துவார்கள். இரு பாதிகளும் சந்திக்கும் இடுக்கில் துளி பிளாஸ்டிக் கசியும். ஆறியதும் அதுவே கோடு! அச்சு பழசாகித் தேய்ந்தால் பிசிறு அதிகமாகும்.

நகத்தால் மெதுவாக வருடுங்கள். அச்சுக் கோடு மேடாக இருக்கும். விரிசல் பள்ளம், நகம் மாட்டும். அச்சுக் கோடு ஒழுங்காக ஓடும். வலது காலில் இருந்தால் இடது காலிலும் இருக்கும். விரிசல் வளைந்து நெளிந்து போகும், பாதியில் நின்றுவிடும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. அழுத்தம் தாங்காமல் பிளாஸ்டிக் வெளுத்திருந்தால் ஜாக்கிரதை, அங்கே விரிசல் ஆரம்பிக்கிறது. மண் பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல் இதைத் தட்டிப் பயனில்லை. வளைத்துப் பார்க்கவே கூடாது!

ஏமாற்றுகிற கோடு ஒன்றும் உண்டு. துளை இருக்கும் இடத்தில் உருகிய பிளாஸ்டிக் இரண்டாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் சேரும். சேர்ந்த இடத்தில் தலைமுடி போல ஒரு கோடு விழும். பிறக்கும்போதே வந்த தழும்புதான். ஆனாலும் மற்ற இடங்களைவிட அது பலவீனம். பிற்பாடு விரிசல் விடுவதும் அங்கேதான்.

ஜி.ஐ.ஜோவின் விலாவில் தெரியும் கோடு அச்சுக் கோடும் இல்லை, விரிசலும் இல்லை. மார்பும் முதுகும் தனித்தனித் துண்டுகள். முதுகில் இருக்கிறதே திருகாணி, அதுதான் இரண்டையும் பிடித்திருக்கிறது. அதை ரொம்ப முறுக்கினால் துளையைச் சுற்றி நிஜமாகவே வெடித்துவிடும்! அடுத்ததாக உடைவது கட்டை விரல். தடித்த துப்பாக்கியை உள்ளங்கையில் திணித்தால் 'டக்'கென்று போய்விடும். கையைச் சற்று நேரம் வெதுவெதுப்பான நீரில் வைத்தால் பிளாஸ்டிக் இளகிக் கொடுக்கும்.

அச்சுக் கோட்டை பிளேடால் சுரண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சேகரிக்கிற பொம்மையில் அது தேவையே இல்லை, வர்ணமும் போய்விடும். மூட்டில் விரிசல் என்று நினைத்து ஒட்டும் பசையை விட்டால், முழங்கை அப்படியே இறுகிக்கொள்ளும்.

காலைத் தொட்டதுமே இடுப்போடு கழன்று வந்துவிட்டதா? அழ வேண்டாம். உள்ளே காலையும் உடம்பையும் இணைக்கும் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. வருஷக்கணக்கில் பரணில் கிடந்தால் அது காய்ந்து அறுந்துபோகும். பெரியவர் யாரையாவது திருகாணியைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். குழாய் சாமான் கடையில் அதே அளவு 'ஓ ரிங்' கிடைத்தால், காவல்காரர் மறுபடி எழுந்து நிற்பார்.