‘ஷல்’ என்னும் துணைவினையும் காவிரி உடன்படிக்கையும்

ஆங்கிலத்தில் ‘ஷல்’, ‘மே’ முதலிய பாங்குத் துணைவினைகள் ‘டு’ பெறாத செயவெனெச்சத்தையே ஏற்கும். சட்டநடையில் இவ்விரண்டிற்கும் இடையே முன்னுருபுத் தொடர் புகுதலும் உண்டு. சென்னை, மைசூர் அரசுகள் 1924 பிப்ரவரி 18 அன்று செய்துகொண்ட காவிரி உடன்படிக்கையின் பத்தாம் கூறில், பதினோராம் உட்கூறு இவ்வாறு அமைந்துள்ளது. அங்கு, குறிப்பிட்ட சில வரையறைகளைப் பற்றிக் கூறுமிடத்து, ‘ஷல்’ என்பதை அடுத்து ‘ஐம்பது ஆண்டுகளின் முடிவில்’ எனப் பொருள்படும் தொடரும், அதன்பின் ‘மறு ஆய்வுக்கு உரியனவாக’ எனப் பொருள்படும் எச்சத்தொடரும் வருகின்றன.

தமிழில் வினை இறுதியில் நிற்றலின் முன்னுருபுத் தொடர் வேற்றுமைத் தொடராகி வினைக்கு முன் அமையும். துணைவினை வினையின்பின் வரும். மொழிபெயர்ப்பாளர் இங்கு இரண்டினைக் கருதுதல் வேண்டும்.

முதலாவது, ‘ஷல்’ தழுவுவது உரியதாதல் என்னும் நிலையையே. ஆய்வு செய்தல் என்னும் செயலை அன்று. எனவே ‘மறு ஆய்வு செய்யப்படல் வேண்டும்’ என்பது கடமையை மிகுவிக்கும். ‘செய்யப்படலாம்’ என்பது உரிமையை வெறும் இசைவாக்கும். ‘மறு ஆய்வுக்கு உரியனவாதல் வேண்டும்’ என்பதே மூலத்தை ஒட்டியது. இரண்டாவது, ‘முடிவு’ ஐம்பது ஆண்டுகளைச் சார்ந்தது. இத்தொடரில் அது உடன்படிக்கையைச் சாரவில்லை.

1974-இல் உடன்படிக்கை முடிவுற்றது என்பது கர்நாடகத்தின் வாதம். குறித்த உட்கூறுகளே மறு ஆய்வுக்குரியன என்பது தமிழ்நாட்டின் வாதம். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று, உடன்படிக்கை 1974-இல் முடிவுற்றதாகவே தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடரமைப்பு மட்டும் தீர்ப்பதில்லை. ஆயினும் பெங்களூரிலும் சென்னையிலும் பயில்வோர் இருவாதங்களையும் எடைபோட வேண்டுமாயின், மொழிபெயர்ப்பு தானே தீர்ப்பு வழங்கிவிடலாகாது.