இன்டர்கூலர் ஹோஸ் ஏன் கழல்கிறது? டர்போ கார் வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி

மேட்டில் ஏறும்போது 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி வண்டியில் பிக்கப் இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 'புஸ்' என்று காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. டீசல் வண்டியாக இருந்தால் பின்னால் கரும்புகை. ஊர்ந்துகொண்டே ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்ந்தால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, "டர்போ போயிடுச்சு சார், மாத்தணும்" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. டர்போ மாற்றுவது பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. ஆனால் இன்டர்கூலர் பைப்பிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் கழன்று விழுந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் ஒரு நல்ல கிளாம்பும் கொஞ்சம் பொறுமையும் போதும். எனவே டர்போவுக்குச் சம்மதம் சொல்வதற்கு முன், "முதலில் ஹோஸ்களைப் பாருங்கள்" என்று சொல்லும் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

டர்போ செய்வது எளிமையான வேலை. சைலன்சர் வழியாக வெளியேறப்போகும் புகையின் வேகத்தில் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாகும். முழு லோடில் 100 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அதைக் குளிரவைத்து அடர்த்தியாக்குவது இன்டர்கூலர். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு ஒரு பாதை, அங்கிருந்து எஞ்சினுக்கு ஒரு பாதை. இந்தப் பாதைகளின் ஒவ்வொரு முனையிலும் ரப்பர் அல்லது சிலிக்கான் ஹோஸும் கிளாம்பும் உண்டு. சில புதிய கார்களில் ஓ-ரிங்கும் கம்பிக் கிளிப்பும் இருக்கும்.

அந்த முனையில் விழும் விசையைப் பலரும் யோசிப்பதில்லை. 60 மி.மீ. விட்டமுள்ள பைப்பின் வாய் சுமார் 28 சதுர செ.மீ. டர்போ 1 பார் அழுத்தம் கொடுத்தால், ஹோஸைப் பிடுங்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 29 கிலோ. 1.5 பார் என்றால் 43 கிலோவைத் தொடும். கால் அழுத்தும்போதெல்லாம் இந்த விசை ஏறுகிறது, கால் எடுத்ததும் இறங்குகிறது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் ஒவ்வொரு வளைவிலும் மிதித்து விடும்போது அந்த ஒரு கிளாம்ப் என்ன பாடுபடும் என்று பாருங்கள்.

இவ்வளவு விசையையும் வெறும் கிளாம்பின் இறுக்கம் தாங்குவதில்லை. பைப் முனையில் வட்டமாக எழும்பிய ஒரு வரம்பு இருக்கும். ஹோஸ் அந்த வரம்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும். கிளாம்ப் வரம்புக்குப் பின்னால் உட்கார வேண்டும். வரம்பின் மேலேயே கிளாம்பை வைத்து இறுக்கினால், அன்றைக்கு நிற்கும், அடுத்த மேட்டில் வழுக்கிக்கொண்டு வரும். வெளியில் வெட்டிப் பொருத்திய அலுமினியம் பைப்பாக இருந்து, அதில் வரம்பே இல்லையென்றால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. முனையில் வரம்பு போட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்த குற்றவாளி எண்ணெய். எஞ்சின் பிரீதரிலிருந்து வரும் எண்ணெய்ப் படலம் காற்றோடு கலந்து இந்தப் பைப்புகளுக்குள் படிகிறது. மெல்லிய ஈரப்பசை இருப்பது பெரும்பாலான டர்போ வண்டிகளில் இயல்பு. ஆனால் அந்தப் பசையோடு ஹோஸை மாட்டினால் அது சோப்புத் தடவிய கைபோல வழுக்கும். இங்கேதான் பல மெக்கானிக்குகள் தவறு செய்கிறார்கள்: கழன்ற ஹோஸைத் துணியால் ஒரு துடை துடைத்து, ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கி, "டைட் பண்ணிட்டேன், போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். பிரேக் கிளீனரோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ போட்டு, பைப்பின் வெளிப்புறத்தையும் ஹோஸின் உள்புறத்தையும் எண்ணெய் போகச் சுத்தம் செய்து, முழுதாகக் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். சுலபமாக உள்ளே போகட்டும் என்று கிரீஸ் தடவுவது கூடவே கூடாது. பைப்புக்குள் எண்ணெய் வழியும் அளவுக்குத் தேங்கி நின்றால் விஷயம் வேறு. டர்போ சீலையோ பிரீதரையோ சோதிக்க வேண்டும். டீசல் வண்டியில் தேங்கிய எண்ணெயை எஞ்சின் உறிஞ்சத் தொடங்கினால், சாவியைத் திருப்பினாலும் அணையாமல் தறிகெட்டு ஓடும் ஆபத்து இருக்கிறது.

புழுக் கிளாம்ப் என்று சொல்லப்படும், ஸ்க்ரூவால் திருகும் வகையை அளவுக்கு மீறி இறுக்கினால் அதன் துளைகள் ரப்பரை அறுத்துவிடும். சிலிக்கான் ஹோஸுக்கும், அதிக அழுத்தமுள்ள இடத்துக்கும் போல்ட் வைத்து இறுக்கும் அகலமான டி-போல்ட் கிளாம்ப் நல்லது. அதன் அளவு எல்லை குறுகியது என்பதால் ஹோஸின் வெளிவிட்டத்தை அளந்து வாங்க வேண்டும். சாதாரண சிலிக்கான் ஹோஸ் எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். உட்பக்கம் ஃபுளோரோ சிலிக்கான் பூச்சு உள்ளதைக் கேளுங்கள். மாட்டிய பின் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டி, வண்டி முழுதாக ஆறியதும் இறுக்கத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஹோஸ் திரும்பத் திரும்பக் கழன்றால் எஞ்சின் மவுன்ட்டைப் பாருங்கள். மவுன்ட் ரப்பர் கிழிந்த எஞ்சின் ஒவ்வொரு கியரிலும் முன்னும் பின்னும் ஆடும். இன்டர்கூலரோ பாடியில் அசையாமல் இருக்கும். நடுவில் இருக்கும் ஹோஸ்தான் இழுபடும்.

இது வெறும் செலவு விஷயமில்லை. எதிரில் லாரி வரும்போது முந்திச் செல்லப்போய் நடுவழியில் இழுவை போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளே போகும் காற்றை ஏர் ஃபுளோ சென்சார் கொண்டு அளக்கும் பெட்ரோல் கார்களில், அளந்த காற்று வழியிலேயே வெளியேறிவிடுவதால் எஞ்சின் திணறி நின்றே போகலாம். எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும், சில மிதிகளுக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும். அப்படியே ஓட்டிக்கொண்டு போனால், குறைந்த அழுத்தத்தை ஈடுகட்டப் போய் டர்போ வேக எல்லையை மீறிச் சுழலும், ஃபில்டரைத் தாண்டி, திறந்த வாய் வழியாகத் தூசி எஞ்சினுக்குள் போகும், பி.எஸ்.6 டீசலில் கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

ஆகவே சத்தம் கேட்டவுடன் அபாய விளக்கைப் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். கழன்ற முனை கண்ணில் பட்டு, கிளாம்பும் கிடைத்தால் துடைத்து மாட்டிக்கொண்டு, மெதுவாக அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரை போகலாம். முடியாவிட்டால் டோ வண்டிதான். தேசிய நெடுஞ்சாலையில் 1033 எண்ணில் உதவி கேட்கலாம். திறந்த பைப்பில் துணியைத் திணித்து ஓட்ட மட்டும் வேண்டாம். எஞ்சின் அதை உறிஞ்சிவிடும்.

பவர் கூட்டுவதற்காக ரீமேப் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி கொடுத்த ஹோஸும் கிளிப்பும் கம்பெனி வைத்த அழுத்தத்துக்கானவை. மென்பொருளில் அழுத்தத்தைக் கூட்டினால் முதலில் விட்டுக்கொடுப்பது அவைதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இன்சூரன்ஸும் இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது; சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக் கோரிக்கையில் சிக்கலாகத் திரும்பும்.

வேலையில் குறை என்றால் உங்கள் கையில் இருக்க வேண்டியது காகிதம். வண்டியை விடும்போது ஜாப் கார்டில் "மேட்டில் இழுவை போனது, காற்றுச் சத்தம்" என்று உங்கள் புகாரை எழுதவையுங்கள். எடுக்கும்போது என்ன காரணத்தால் கழன்றது, என்ன மாற்றினார்கள் என்பது பில்லில் வர வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பதே, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் நேர்மையற்ற வணிக முறை. 'டர்போ போயிற்று' என்றால் அழுத்தச் சோதனை அல்லது புகைச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். ஸ்கேனரில் வரும் பி0299 என்ற குறியீடு அழுத்தம் குறைவு என்று மட்டுமே சொல்கிறது. டர்போ கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை.

வெளியில் வேலை பார்த்தால் வாரண்டி மொத்தமும் ரத்து என்று பயமுறுத்தினால், 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது போட்ட உத்தரவை நினைவூட்டுங்கள். அப்படி ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளி வேலையால் நேர்ந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்பதே அதன் நிலைப்பாடு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனாலும், எழுத்தில் காரணம் கேட்பதற்கு அது நல்ல பிடிமானம்.

பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போட வேண்டும்.

அடுத்த சர்வீஸுக்கு வண்டி விடும்போது, ஆயில் மாற்றுவதோடு இன்டர்கூலர் ஹோஸ்களையும் கிளாம்ப்களையும் எஞ்சின் மவுன்ட்டையும் பார்க்கும்படி ஜாப் கார்டில் ஒரு வரி எழுதவையுங்கள். மலைப்பயணம் திட்டமிட்டிருந்தால் கிளம்புவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.